வயசும் ஆகுதுல்ல, அண்ணாச்சி

தலை சுத்துதா, கால் வீங்குதா, வறட்டு இருமல் இருக்கா, சோர்வா இருக்கா, தூக்கம் எப்படி. பியூலாவைத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் இந்த வரிசை பிசகாமல் வாயில் வந்துவிடும். பிரஷர் மாத்திரை தின்கிறவர்கள் கட்டில் கட்டிலாகப் படுத்திருக்கும் இந்த வார்டில் காலையில் ஒரு சுற்றுப் போய், எந்த மாத்திரை யாரை என்ன பாடு படுத்துகிறது என்று கேட்டு டாக்டர்களிடம் சொல்வதுதான் அவள் பிழைப்பு. கீழே மருந்துக் கவுண்டரில் நின்றவளை அதற்காகவே மேலே கூட்டிவந்து வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். கோட்டைப் பார்த்து நோயாளிகள் டாக்டரம்மா என்பார்கள். டாக்டர்கள் மேடம் என்பார்கள், பாதிச் சிரிப்போடு. இன்றைக்கும் வார்டு வாசலில் டாக்டர் அசாருதீன் அந்தப் பாதிச் சிரிப்போடுதான் வந்தார். "மேடம், ஜன்னலோரம் அந்த ஏலக்காரருக்குச் சாயங்காலத்துலேருந்து பழைய மாத்திரையவே ஆரம்பிச்சிருதேன். நல்லாக் கேட்டுக்கிட்டிருந்த மாத்திரைதானே. அவராத்தான் நிறுத்திப் போட்டாரு. நல்லாயிட்டோம்னு நெனச்சிருப்பாரு, எல்லாரும் பண்றதுதான்." அவள் ம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ம். அதைச் சொல்லிவிட்டு முதல் கட்டிலுக்கு வந்தாள். நல்லாகிவிட்டோம் என்று நினைத்து நிறுத்தவில்லை டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊரில், இந்த உலகத்தில், அது தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் ஜன்னலோரம், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, வாயும் விழுந்து கிடக்கிறார். இன்னொருத்தி வாய் நன்றாக இருந்தும் ம் என்கிறாள்.

முதல் கட்டிலில் செண்பகவல்லி ஆச்சி காலை நீட்டிக் காட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். பியூலா கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து, மெல்ல மெல்ல மேலே வந்தது. மாத்திரை செய்கிற வேலைதான், மாற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. "கொலுசு போட முடியலம்மா, பேத்தி கேலி பண்ணுதா," என்றாள் ஆச்சி. இந்த வயதில் என்ன கொலுசு என்று பியூலாவுக்குத் தோன்றவே இல்லை. மாற்றிவிடலாம் ஆச்சி என்று சொல்லி, மாற்றச் சொல்லியும் எழுதினாள். எவ்வளவு லேசான வேலை. கால் வீங்கினால் அழுத்திப் பார்த்து மாற்று. இருமினால் மாற்று. கொலுசு போட முடியவில்லை என்றால்கூட மாற்று. அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது? படிக்கும்போது படித்ததுதான். எந்த மாத்திரைகள் ஆண்களை அந்த விதத்தில் முடக்கும் என்று பரீட்சையில் கேட்டார்கள், எழுதினாள், முழு மதிப்பெண். ஆங்கிலத்தில் அதற்கு வெள்ளையாக ஒரு வார்த்தை இருந்தது, சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி. கட்டிலில் கிடக்கிற மனுஷரிடம் தமிழில் எப்படிக் கேட்பது? தாம்பத்தியம் என்று கேட்டால் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்த விஷயம் என்றால் எந்த விஷயம் என்று அவர் திருப்பிக் கேட்பார். மற்ற வார்த்தைகள் எல்லாம் சுவரில் கரியால் எழுதுகிறவை. அதனால் வேலைக்கு வந்த முதல் மாசமே அந்தக் கேள்வியை வரிசையிலிருந்து கழற்றிவிட்டாள். யாரும் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று. ஆம்பளை டாக்டர்களும் கேட்பதில்லை. சிஸ்டர் லூர்து ஒருமுறை காதோடு சொன்னாள், "நாம கேட்டா அவன் வேற மாதிரி எடுத்துக்கிட்டான்னா? வேண்டாம்ப்பா." எல்லாரும் சேர்ந்து கழற்றின கேள்விதான். அப்படி நினைத்தால் கொஞ்சம் மூச்சு வந்தது. உடனே அந்த மூச்சும் பொய் என்று தோன்றியது, ஏனென்றால் ஜன்னலோரத்துச் சுடலைமுத்து அண்ணாச்சி விஷயத்தில் கேள்வியை அவள் கேட்காமல் விடவில்லை, அவரே கேட்டார். அவள் பதில் சொன்னாள்.

அடுத்த கட்டிலில் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் துண்டை வாயில் வைத்து இருமிக்கொண்டிருந்தார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல், ராத்திரி படுத்தால் கூடுகிறது. அதுவும் மாத்திரைதான். அவர் தன் இருமலை அக்கறையாக விவரித்தார், எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம் திரும்பினால் அடங்குகிறது என்று. இருமலைப் பற்றிப் பேச யாருக்குத்தான் கூச்சம்? அவர் இருமும்போதெல்லாம் பியூலாவுக்கு அந்த இன்னொரு தொண்டை ஞாபகத்துக்கு வந்தது. காய்கறிச் சந்தையில் சுடலைமுத்து ஏலம் கூறினால் ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்குக் கத்திரிக்காய் விலை தெரியும் என்பார்கள். அவளே கேட்டிருக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது. கூடைக்கு மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, கையை வானத்துக்கு நீட்டி, மூச்சு விடாமல். அப்படிப்பட்ட தொண்டை. சித்திரை வெயிலில் ஏலத்துக்கு நடுவே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி முதல்தடவை வந்து படுத்தபோதுகூட, வார்டே அவர் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நர்சுகளை ஏலம் போட்டார். கஞ்சியை ஏலம் போட்டார். "டாக்டரம்மா, உங்க மாத்திரை எம்புட்டு? ஒரு வாரம், ரெண்டு வாரம், மூணாம் வாரம்!" என்றார். பியூலா சிரித்தாள். அந்த மாத்திரையைக் கையில் கொடுத்து, திடீரென்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அண்ணாச்சி, ரத்தக்கொதிப்பு மொத்தமாகத் திருப்பி ஏறும் என்று சொன்னதும் அவள்தான். சொன்னாள். அதைச் சொன்னாள். தன் பேரில் இருக்கிற நல்லதை எண்ண ஆரம்பித்தால் விரல் அங்கேயே நின்றுவிடுகிறது.

பிறகு ஆடி முடிந்து மறுபரிசோதனைக்கு அவர் வந்த நாள். வாத்தியாரின் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே அந்த நாளுக்குள் போய்விட்டாள். வாத்தியார், கை வலிக்குதும்மா என்றதும் திடுக்கிட்டுக் காற்றை விட்டாள். அன்றைக்குச் சுடலைமுத்து வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கூடவே இசக்கியம்மாள், அவர் பெண்சாதி, தூக்குவாளியோடு. ஏலம் கூறவில்லை, கேலி இல்லை. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு பெண்சாதியைப் பார்த்து, "நீ கீழ போயி மாத்திரைய வாங்கிட்டு நில்லு, வாரேன்," என்றார். அந்த அம்மாள் போகும்வரை காத்திருந்தார். தனியாகப் பேச வேண்டும் என்று அவரே இடம் ஒதுக்கினார், அவரே வாயைத் திறந்தார், எந்தப் பெண்பிள்ளையிடமும் இந்தப் பேச்சுக்குத் திறக்காத வாயை. குரல் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. "ஏம்மா, இந்த மாத்திரை… பிரஷரை மட்டுந்தான் அடக்குமா, இல்ல மத்ததையும் சேத்து அடக்கிப் போடுமா? வீட்டுல… ஒரு மாதிரியா இருக்கு." அவளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று எந்தச் சாமியிடமும் சொல்ல முடியாது. காது மடல் இரண்டும் சுட்டது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் பார்ப்பதாகத் தோன்றியது. அவள் சிரித்தாள். சிரித்துத் தொலைத்தாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. தைரியமாச் சாப்பிடுங்க. வயசும் ஆகுதுல்ல, அண்ணாச்சி." அவருக்கு அப்போது நாற்பத்தாறு. அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஆமாம்மா, ஆகுதுல்ல," என்று சொல்லி, அவளுக்கு ஒத்தாசை செய்கிறவர் மாதிரி அவரும் சிரித்தார். போகும்போது துண்டைத் தோளில் போடாமல் கையில் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த ஆளை அவள் சத்தமாகக் கூப்பிட்டாள்.

மூன்றாவது கட்டிலில் ஒரு வியாபாரி, பேர் அருணாசலம், புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது என்றார். படுக்கவைத்து ஒருமுறை பார்த்தாள். எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றதும் சுவரைப் பிடித்தார், முகம் வெளுத்தது, பட்டையில் அளவு சடாரென்று இறங்கியது. இதையும் இங்கே பலர் படுத்தபடியே அளந்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் மட்டும் ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் பார்ப்பாள். அந்த ஒழுங்குக்காகப் பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார், கைதட்டினார்கள். கைதட்டினபோது கூச்சமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அருணாசலத்தைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைக்கும்போது கேவலமாக இருந்தது. விழுந்துவிடுவார்களோ என்று இத்தனை பேரைத் தாங்கிப் பிடித்தவள், ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிட்டிருக்கிறாள். தள்ளிவிட்டாளா? மாத்திரையை நிறுத்தியது அவர்தானே. நிறுத்தாதே என்று சொல்லியிருந்தோமே. அவர் வேறு டாக்டரிடம் கேட்டிருக்கலாமே. ஆம்பளை டாக்டரிடம் கேட்டிருக்கலாமே. எல்லாம் இருக்கலாமே. ஆனால் மாத்திரையால் இல்லை, வயசால்தான் என்று அவள் சொன்னதை நம்பாமல்தான் அவர் நிறுத்திப் பார்த்திருக்கிறார். நம்பியிருந்தால் தின்றிருப்பார், கிழவன் ஆகிவிட்டோம் என்று தின்றுகொண்டே ஒடுங்கியிருப்பார். எது மேல்? இரண்டிலும் அவள் கைதான் இருக்கிறது. இப்போது சாயங்காலம் மறுபடி அதே மாத்திரை. இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாயும் இல்லை. ஸ்பூனில் பொடித்துக் கலந்து ஊற்றுவார்கள், விழுங்குவார்.

டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னால் போதாதா? கட்டில் பக்கமே போகவேண்டாம். டாக்டர், அந்த மாத்திரை வேண்டாம், இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது, வேறு தருவோம் என்று ஒரு காரணம் சொன்னால் மாற்றிவிடுவார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. பியூலா இந்த வழியை நடுவார்டில் நின்று ஆசையாகத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நல்ல வழி. அவருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அந்த அம்மாள்? இசக்கியம்மாள் தினமும் வருகிற போகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்கிறாள். சிஸ்டர் லூர்துவிடம் கேட்டாள், துப்புரவுக்காரியிடம் கேட்டாள், நேற்று லிப்டுக்கு நின்ற யாரோ ஒரு பெரியவரிடம்கூடக் கேட்டாள்: "நான் ஒருநாளும் மறக்காம எடுத்துக் குடுப்பேனே, எனக்குத் தெரியாம எதுக்கு நிறுத்துனாவ?" அந்தக் கேள்வி வார்டு முழுக்கச் சுற்றுகிறது, ஈ மாதிரி, யார் தோளில் உட்காருவது என்று தெரியாமல். பியூலாவின் வீட்டிலும் இதற்கெல்லாம் பேர் கிடையாது. அவள் புருஷன் சாமுவேல் நல்லவர். விளக்கை அணைத்தால் ஒரு அர்த்தம், அணைக்காமல் பேப்பர் படித்தால் ஒரு அர்த்தம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை மாறிக்கொண்டது இல்லை. விளக்கு நாலு மாசம் அணையாமலே இருந்தால் அவள் என்ன நினைப்பாள்? என்னைப் பிடிக்கவில்லை என்று நினைப்பாள். வேறு யாரோ என்று நினைப்பாள். கேட்கமாட்டாள். குழம்பில் உப்பைக் கூட்டிப் போடுவாள். அப்படியென்றால் இசக்கியம்மாள் என்ன நினைத்திருப்பாள்? அது இவ்வளவு நாளும் தோன்றவே இல்லை. அவர் ஒருவருக்கு மட்டும்தான் தீங்கு செய்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் வெயில் கட்டிலில் பாதிவரை வந்திருந்தது. சுடலைமுத்துவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்க, இசக்கியம்மாள் துண்டு நுனியால் கடைவாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பியூலா பட்டையைச் சுற்றினாள், அளந்தாள், எழுதினாள். நாடியைப் பிடித்தாள். எல்லாவற்றையும் அவர் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. மூளையில் பேச்சு மட்டும்தான் போயிருக்கிறது, நாம் சொல்வது முழுக்கப் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மாளைக் கீழே அனுப்பலாமா, அக்கா கொஞ்சம் வெந்நீர் கொண்டுவாங்க என்று? அனுப்பலாம். அன்றைக்கு அவர் அனுப்பின மாதிரியே. அனுப்ப வாயெடுத்தபோது இசக்கியம்மாளே பேசினாள்.

"பேசிட்டுத்தான் இருந்தாவ டாக்டரம்மா. விழுறதுக்கு முன்னால ஒரு இருவது நாளு எம்புட்டு நல்லா இருந்தாவ தெரியுமா? அதுக்கு முன்னாலதான் எனக்கும் இவுகளுக்கும் பெரிய சண்ட. நான் பேசக்கூடாதத எல்லாம் பேசிப்புட்டேன். சந்தையில எவளையோ வச்சிருக்கீரு, அதான் வீட்டுல செவத்தப் பாத்துப் படுக்கீருன்னு. எங்கம்மை வீட்டுக்குப் போறேன்னு பொட்டியக்கூட எடுத்துட்டேன். பெறவு பாத்தா தன்னால சரியாயிட்டாவ. பூ வாங்கிட்டு வந்தாவ. புதுசாக் கெட்டினவுக மாதிரி…" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாந்தான் கண்ணு வச்சிட்டேன் போல."

பியூலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளைப் பார்க்க முடியாமல் அவரைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க என்கிட்ட கேட்டீங்கல்ல. அது மாத்திரையாலதான். வயசால இல்ல. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னேன்."

அவர் கண் அசையவில்லை. பிறகு இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கி, காதுப் பக்கமாக ஓடித் தலையணையில் விழுந்தது. இடது கை போர்வையைத் தேடிப் பிடித்துக் கசக்கியது.

"என்னது மாத்திரையால?" என்றாள் இசக்கியம்மாள்.

வார்த்தை இல்லை. இவ்வளவு நேரம் தேடியும் இல்லை. "உங்க பக்கத்துல வரமுடியாமப் போனது அக்கா. இவங்களுக்குக் குடுத்த மாத்திரை சில ஆம்பளைங்களுக்கு அப்படிப் பண்ணும். அதான் நிறுத்தியிருக்காங்க. நிறுத்துனதும் சரியாப் போயிருக்கு. ஆனா பிரஷர் ஏறிட்டு."

இசக்கியம்மாள் புருஷன் முகத்துப் பக்கம் குனிந்தாள். "அப்பம் ஒருத்தியும் இல்லையா?" என்று அவரைக் கேட்டாள். அவர் தலை தலையணையில் லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைந்தது. "பாவி மனுஷா," என்றாள், "வாயத் தொறந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே கேட்டு, அந்த இழுத்துப்போன வாயின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். "எனக்காவா நிறுத்துனீரு? அத வச்சு நான் என்ன செய்யப் போறேன்? எனக்கு நீரு இருந்தாப் போதாதா?"

"அவங்க சொல்லத்தான் வந்தாங்க அக்கா," என்றாள் பியூலா. "என்கிட்ட வந்தாங்க. நான்தான் சிரிச்சு அனுப்பிட்டேன்."

இசக்கியம்மாள் திரும்பினாள். திட்டுவாள் என்று பியூலா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும், கையை ஓங்கினால்கூட நன்றாக இருக்கும், வார்டே திரும்பிப் பார்க்கட்டும். ஆனால் அந்த அம்மாள் குரல் தணிந்து, கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள். "சாயங்காலம் பழைய மாத்திரை குடுப்போம்னு காலையில அந்த டாக்டர் தம்பி சொன்னாரே. அதேதானா?"

"இல்ல அக்கா. நான் இப்பவே போயி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி மாத்தச் சொல்லுதேன். வேற மாத்திரை குடுப்பாங்க. அது அப்படிப் பண்ணாது."

"வேற மாத்திரை இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அன்னைக்கு நீங்க மாத்திக் குடுத்திருந்தா, அம்புட்டுத்தானா டாக்டரம்மா?"

பியூலா கம்பியை விடவில்லை. "அம்புட்டுத்தான் அக்கா," என்றாள்.